புதன்கிழமைத் தாமதம்

“ஸ்டாக் எடுப்பா? வாரா வாரமா?”

ஸோலானி கேட்டதும் நோமசா அடுப்பைத் தணித்தாள்.

“ஆமா. துணிக்கடைன்னா அப்படித்தான்.”

“கடைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? யார்கிட்ட கதை விடுற?”

“சாப்பிடுங்க லிதாப்பா. களி ஆறினா கல்லாயிடும்.”

அவன் சாப்பிடவில்லை. வீடு இருக்கும் கொமானிக்கு மாற்றல் கிடைத்து அவன் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதுவரை வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்து போனவன். வராத நாட்களில் இங்கே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

மேசையில் அவள் கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது.

“வுகிலேன்னு ஒருத்தன் நேத்து கூப்பிட்டான். நீ குளிச்சிட்டிருந்த. என் குரலைக் கேட்டதும் வெச்சிட்டான்.”

“ராங் நம்பரா இருக்கும்.”

“பேரோட சேமிச்சு வெச்ச ராங் நம்பரா?”

நோமசா தட்டுகளைக் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பேச்சை மாற்றினாள்.

“எங்க கடைப் பொண்ணுங்க யூனியன்ல சேரலாமான்னு பேசிக்கிறாங்க.”

“சந்தா கட்டுறது நீங்க. கார் வாங்குறது தலைவருங்க. கடைசில உங்களுக்கு மிஞ்சறது ஒரு சிவப்பு பனியன்.”

“பக்கத்து ஊர்ல கல்லாவுல உக்கார நாற்காலி வாங்கிக் குடுத்திருக்காங்களே. சாயந்திர ஷிப்ட் முடிஞ்சா வீடு வரைக்கும் வண்டியும் விடுறாங்க.”

“கால் வலிக்கு மாத்திரை போதும். யூனியன் எதுக்கு?”

“நாள் முழுக்க நின்னு பாருங்க, தெரியும்.”

“வேலை கேட்டு எத்தனை பொண்ணுங்க வாசல்ல நிக்குதுங்க. அதுங்களுக்குக் கால் இல்லையா? பேச்சை மாத்தாதே. இந்தப் புதன்கிழமை சீக்கிரம் வா.”

“பார்க்கலாம்.”

அந்தப் ‘பார்க்கலாம்’ அவனை உறுத்தியது. சந்தேகப்பட்டது உண்மையாக இருந்தால் குழந்தை லிதாவைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான்.

புதன் மாலை, துணிக்கடைக்கு எதிரே காரில் காத்திருந்தான்.

காவலாள் பையைச் சோதித்த பிறகு நோமசா வெளியே வந்தாள். உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பை. கடை வேலையாட்களுக்கு அதுதான் விதி. அதிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்து, ஒரு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பூசிக்கொண்டாள்.

வீட்டுப் பக்கம் போகும் ஷேர் டாக்சியில் ஏறவில்லை. எதிர்த் திசையில் நடந்தாள். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஸோலானி மெல்லப் பின்தொடர்ந்தான்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கூடம். வாசலில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் நின்றான். அவள் கையைப் பிடித்தான். பேசி முடிக்கும் வரை விடவில்லை.

“வாங்க மாம்பேலே. உங்களுக்காகத்தான் நிக்கிறேன்.”

“வுகிலே, எல்லாரும் வந்தாச்சா?”

இவன்தான் வுகிலே.

மாம்பேலே என்பது அவள் பிறந்த குலத்தின் பெயர். கல்யாணமான பெண்களை அப்படி அழைப்பதுதான் மரியாதை. யாருடைய மனைவி என்பது அதில் தெரியாது. இத்தனை நாள் ஸோலானி அதைப் பற்றி யோசித்ததில்லை. இன்று யோசித்தான்.

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

காரில் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினான்.

உள்ளே வரிசை வரிசையாக முதுகுகள். எதிரே மேடையில் நோமசா, கையில் மைக்கோடு நின்றிருந்தாள். தலைவர் நாற்காலியில் வுகிலே.

“செயலாளரா நான் சொல்றேன். போன வாரம் இங்கே எழுந்து பேசின நாலு பேருக்கும் வேலை நேரத்தைக் குறைச்சிட்டாங்க. நம்மள்ல யாரோ காட்டிக் குடுக்கிறாங்க. அது யாருன்னு கண்டுபிடிக்காம நான் விட மாட்டேன்.”

கைதட்டல் எழுந்தது.

வேறு ஆள் இல்லை. வெறும் யூனியன். ஸோலானிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. வரிசைகளுக்கு நடுவே மேடையை நோக்கி வேகமாக நடந்தான்.

“லிதாம்மா, மன்னிச்சிடு. எவன்கூடவோ சுத்துறேன்னு சந்தேகப்பட்டுட்டேன். நான் ஒரு மடையன். வா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

நோமசா மைக்கைத் தாழ்த்தினாள்.

மூன்றாம் வரிசையில் சூப்பர் மார்க்கெட் சீருடையில் இருந்த ஒரு பெண் பழக்கத்தில் எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் எழுந்தார்கள்.

“குட் ஈவினிங், மேனேஜர்,” என்றாள் அவள்.

நாலு பேரின் வேலை நேரத்தைக் குறைத்தவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மாம்பேலேயைப் பார்த்தார்கள்.