ஓட்டுக்கு விடாதது

மச்சான் டிவியை அணைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

தன் தங்கை, என் மனைவி, இறந்த வாரத்தில்கூட சத்தத்தை மட்டும் குறைத்து ஓடவிட்டவன் அவன்.

மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். அது மாமனாருடையது. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மகளை உள்ளறையில் தூங்கவைத்துவிட்டு வந்திருந்தேன். அங்கே புதிதாக ஒரு சின்னக் கட்டில். கால்களில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

மாமனார் தொண்டையைச் செருமினார். தொழிற்சங்கத்தில் இருந்தவர். தன் வீடு ஒரு குடியரசு என்பார். இங்கே ராஜா கிடையாது, எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு. சுவருக்கு என்ன நிறம், ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம், எல்லாம். என்னை மாப்பிள்ளையாக எடுத்ததும் அப்படித்தான், ஒரே ஒரு கை வித்தியாசத்தில்.

அந்த ஒரு கை தன்னுடையது என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"பாப்பா இனிமே இங்கேயே வளரட்டும். சம்மதம்னா கை தூக்குங்க," என்றார் மாமனார். "மாப்பிள்ளை, உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு."

அவர் தூக்கினார். மச்சான் தூக்கினான். அவன் மனைவி என்னைப் பார்க்காமல் தூக்கினாள்.

நான் தூக்கவில்லை. இப்போதெல்லாம் எனக்கு வார்த்தைகள் வாய்வரை வந்து சேர்வதில்லை.

அவளும் போய், இவளும் இல்லையென்றால், அந்த வீட்டை நான் யாருக்காகத் திறப்பேன்?

"மெஜாரிட்டி வந்தாச்சு. ஜனநாயகம்னா இதான்," என்றான் மச்சான்.

எனக்குப் பின்னால், சமையலறை வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. பாப்பாவை இங்கே வைத்துக்கொள்வது அவர் யோசனையாகத்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. கட்டிலும் அவர் வாங்கியதாகத்தான் இருக்கும்.

"குடியரசுன்னு பேர் வச்சா ஆச்சா? ஒரு ராஜா செய்யக்கூடாததை, நாலு பேர் கை தூக்கிச் செஞ்சா மட்டும் சரியாயிடுமா? அப்பன்கிட்டேருந்து புள்ளையைப் பிரிக்கிறதெல்லாம் ஓட்டுக்கு விடுற விஷயமே இல்ல. மாப்பிள்ளை, பாப்பா எழுந்ததும் கூட்டிட்டுக் கிளம்புங்க."

மாமனார் மெல்லக் கையை இறக்கினார். மச்சானும் அவன் மனைவியும் இறக்கினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

சம்மதம் என்று எல்லோரோடும் சேர்ந்து தூக்கிய மாமியாரின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. பாத்திரம் கழுவிய நுரை முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது.