விதை மல்லாட்டை

மயிலத்துக்குத் தெற்கே, மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைக்கிறாள் சூர்யகலா. எதிரே ஆறு வயது மகள் யாழினி, தோல் பெயராத வேர்க்கடலைப் பருப்புகளாகப் பொறுக்கிச் சாக்கின் மேல் ஒற்றை வரிசையில் அடுக்குகிறாள். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே பொட்டுப் பொட்டாக விழும் வெயில் அந்த வரிசையின் மேல் ஊர்கிறது. "இன்னிக்கும் வெழுப்புரம் போவலியா?" என்கிறாள் பக்கத்தில் உடைக்கும் ஓரகத்தி வடிவு. "ஒரு மாசம் தெரபிய நிறுத்திட்டேங்க்கா. அழுதுக்கினே போறா, அழுதுக்கினே வர்றா. கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்."

இரண்டு வருஷமாக அந்தத் தெரபி அறையில் ஒரே பாடம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குழந்தை முகத்தைப் பார்த்தால், டீச்சரின் "சூப்பர்", வாயில் ஓர் உலர்திராட்சை, பார்க்காவிட்டால் கிடையாது. திராட்சை டப்பா இன்னும் சூர்யகலாவின் இடுப்பில்தான் செருகியிருக்கிறது. இன்று அவள் கூப்பிடவேயில்லை. உடைப்பதை மறந்து மகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரிசை கோணாமல் தள்ளிவிடும் சுண்டுவிரல், உதட்டோரம் ஒட்டிய சிவப்புத் தோல், மோட்டாரின் இரைச்சலோடு இழையும் தொண்டை முனகல். சட்டென்று கரன்ட் போக, மோட்டார் நிற்கிறது. முனகல் மட்டும் அதே சுருதியில் கொட்டகை முழுக்க நிறைகிறது. பிறகு அதுவும் அடங்க, யாழினி நிமிர்ந்து அம்மாவின் கண்களை நேராகப் பார்க்கிறாள். பழக்கத்தில் சூர்யகலாவின் கை இடுப்புக்குப் போகிறது. அதற்குள் சின்ன விரல்கள் வரிசையிலிருந்து ஒரு பருப்பை எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்து அழுத்துகின்றன.

"சூப்பர்" என்கிறாள் யாழினி, டீச்சரின் அதே குரலில்.

சூர்யகலா பருப்பை மெல்லவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.