நாற்பத்தோராவது செய்தி

‘திட்டாமல் தவறைச் சொல்ல ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?’ என்று நினைத்தபடியே, கணினி நிரல் எழுதுவோர் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு கருவி தவறுகளைச் சுட்டிக்காட்டும் நாற்பது பிழைச் செய்திகளையும் அவள் கனிவான சொற்களில் மாற்றி எழுதி முடித்தாள். சோதித்தபோது அவள் எழுதாத ஒன்று நாற்பத்தோராவதாக வந்தது: “பன்னிரண்டாம் வரியில் ஓர் அடைப்புக்குறி குறைகிறது. அடுப்பில் பால் பொங்குகிறது.”

ஓடினாள். பால் விளிம்பில் நின்றது; அடுப்பை அணைத்தாள். பக்கத்திலேயே கணவன் ஃபோனில் மூழ்கியிருந்தான்.

அவளோடு சேர்ந்து கருவியைப் பராமரிக்கும் தோழி ஃபோனில் அழைத்தாள். “என்னடி இது? எந்த ஃபைல்லயும் இல்லாத ஒரு செய்தி வருது. சோதிச்ச ஏழு பேருக்கும் வந்திருக்கு. ஒருத்தருக்கு மூடாத குழாயாம், ஒருத்தருக்கு இஸ்திரிப் பெட்டியாம். நன்றி வேற சொல்றாங்க! பேயோட வெளியிட முடியாது. பழைய செய்திகளையே போட்டுடு.”

அவள் பாலை இறக்கி வைத்தாள்.

“மாட்டேன்டி,” என்றாள் மெதுவாக. “இந்த வீட்டுல அது ஒண்ணுதான் அடுப்பப் பாக்குது.”