கடைசி நாலு பக்கம்

புத்தகத்தில் இன்னும் நாலே பக்கம்தான் பாக்கி. கந்தப்பன் வாத்தியார் வாசிக்கத் தயங்கினார்.

எதிரே அம்மாக்கண்ணு முந்தானையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். எழுத்து வாசனை இல்லாதவள். ஒரே மகள் பவளம் போன மார்கழியில், பதினாறு வயதில், சளிக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகளின் தலைமாட்டில் கிடந்த நாவலை எடுத்துக்கொண்டு ஆறு வாரத்துக்கு முன்னால் தாய் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மக படிச்ச கதைங்க, சார். நீங்கதான் வாசிச்சுக் காட்டணும்.”

மறுக்கத்தான் நினைத்தார். மனைவி இறந்து ஒன்றரை வருஷம். பள்ளிக்கூடம் விட்டால் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு வேளைதான் உலை வைப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அனுப்பினால், திங்கட்கிழமை அவர்கள் வந்து வணக்கம் சொல்லும்வரை தன் குரலைத் தானே கேட்க மாட்டார். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படி முடியாது என்பது?

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். வாசிப்பதற்குக் கூலி என்று ரொட்டியும் சம்பலும், தூக்குவாளியில் தேநீரும் கொண்டுவருவாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் புத்தகம் கைமாறும்.

ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன கோமதி என்ற சின்னப் பெண்ணின் கதை அது. எமன் அவளுக்கு ஏழு நாளைத் திருப்பிக் கொடுக்கிறான். அவள் பேசாமல் விட்ட சிநேகிதியைத் தேடிப் போகிறாள். அப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஆறாம் நாள் தாய்க்குத் தலை வாரிவிடுகிறாள்.

அந்த இடம் வருவதற்கு ஒரு பக்கம் இருக்கும்போதே அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஞாபகம் வந்திருக்கும் என்று வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

வாசிக்க வாசிக்க அவருக்கும் என்னவோ ஆயிற்று. போன வாரம் நடுவில் நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னார். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறியில் தானும் ஏறாமல், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நின்றுவிட்டதைச் சொன்னார். அம்மாக்கண்ணு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த நாலு பக்கம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அவள் தேநீர் ஊற்றிய நேரத்தில் முடிவைப் பார்த்துவிட்டார். ஏழாம் நாள் அந்தியில் கோமதி தானாகவே ஆற்றில் இறங்குகிறாள். தாய் கரையில் தனியாக நிற்கிறாள். அவ்வளவுதான்.

இதை இவளிடம் எந்த வாயால் வாசிப்பது? வாத்தியார் கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தார். எமன் மனம் இரங்கினான். கோமதி பிழைத்துக்கொண்டாள், கலியாணம் கட்டினாள், தாயைத் தன்னோடு கூட்டிப்போனாள். சந்தேகம் வராதிருக்கப் பக்கங்களையும் புரட்டிக்கொண்டே வந்தார்.

முடிந்தது என்று புத்தகத்தை மூடினார். வெளியே மூடுபனியில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் ஒன்றும் தெரியவில்லை.

“நீங்க சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை பொழைக்கலைங்களே, சார்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“பவளம் படுக்கையில கெடந்துக்கிட்டே முழுசும் வாசிச்சுக் காட்டிட்டாளுங்க.”

அப்படியிருக்க, இதையெல்லாம் இன்னொரு தடவை கேட்க எப்படி மனசு வந்தது என்றார் வாத்தியார்.

அம்மாக்கண்ணு காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க வாயைத் தொறக்க வேற வழி தெரியலைங்க.”