ஒவ்வொரு வேலையாச் சொல்லு

பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். உரலுக்குள் இருந்த கையை எடுப்பதற்குள் மாமனார் சத்தம் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

"ஆட்டைக் கட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டு, கடைக்குப் போயி பொகையிலை வாங்கிட்டு வான்னு சொன்னேன். ஆடு பூராவும் அடுத்தவன் மொளகாத் தோட்டத்துல நிக்கிது. இவ ஓணானுக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்கா!"

எட்டு வயசு என் மகள் தங்கப்பொண்ணு அவர் கைப்பிடியில் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணு வேலைய ஒன்னாச் சொன்னா அவளுக்கு மனசுல நிக்காது மாமா..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. கல்யாணமாகி வந்து அவர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என்ன முணுமுணுக்குறா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"மகளுக்கு வக்காலத்து! செல்லங் குடுத்துக் கெடுத்ததே இவதான். சொம்பைக் கையில குடுத்துட்டுத்தான் தண்ணி மோந்து வரச் சொல்லுவா. அதையும் அவ வாயால ஒருக்கா திருப்பிச் சொல்ல வைப்பா. கிளிய வளக்குறா, கிளிய!"

என் மகள் அடங்காதவள் இல்லை. சொன்ன வேலை அவள் தலைக்குள் போகிற வழியிலேயே இன்னொன்று குறுக்கே வந்து விழுந்துவிடும். கூடவே இருந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். யாரிடம் சொல்ல? எங்க வீட்டுக்காரர் அப்பாவை எதிர்த்து இருமக்கூட மாட்டார்.

"காத்து கருப்பு அண்டியிருக்கு. வெள்ளிக்கிழமை கோடாங்கி பேயாண்டி வரட்டும். சாட்டையால நாலு போட்டாச் சரியாப் போகும். பள்ளிக்கூடமும் இனிமே வேணாம்" என்று முடித்துவிட்டார் மாமா.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. வாசலில் உடுக்கை அதிர்ந்தது. தங்கப்பொண்ணு பேயாண்டியின் கால் சலங்கையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள்.

"பாருங்கப்பா, பேய் சிரிக்கிது!" பேயாண்டி சாட்டையை ஓங்கினார்.

அப்போதுதான் எனக்குச் சாமி வந்தது.

கொண்டை அவிழ, ஓடிப்போய்ச் சாட்டையைப் பிடுங்கினேன். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"டேய் முத்துக்கருப்பா!"

மாமாவின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. "ஆத்தா! சொல்லு தாயி!"

"எவன்டா எம் புள்ள மேல சாட்டையத் தூக்குனது? பேயுமில்ல, பிசாசுமில்ல! ஒரு நேரத்துக்கு ஒத்தை வேலை சொல்லு! மூஞ்சியப் பாத்துச் சொல்லு! அது முடிஞ்சப்புறம் அடுத்ததச் சொல்லு! மறந்தா அடிக்காத, மறுபடி சொல்லு! பள்ளிக்கூடத்த நிறுத்திப் பாரு, கம்மாயில சொட்டுத் தண்ணி நிக்காது!"

"உத்தரவு ஆத்தா!" மாமா அப்படியே மண்ணில் விழுந்தார். பேயாண்டி அவருக்கு முன்னாலேயே விழுந்திருந்தார்.

எழுந்ததும் மாமா பேத்தியின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்து, "ஆட்டை மட்டும் கட்டு தாயி" என்றார்.

கட்டிவிட்டு வந்து நின்றாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கொல்லைப்பக்கம் போய் முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தேன். அத்தை ஒரு சொம்பு மோரோடு வந்தாள்.

"சாமி வந்தா கண்ணு மேல சொருகும்டி. நீ புள்ளையவே பாத்துக்கிட்டிருந்த."

பயமெல்லாம் எனக்குப் போயிருந்தது.

"ஆமா அத்தை. சாமியும் வரல, ஒன்னும் வரல. போயி ஊருக்கே சொல்லுங்க. இன்னொருக்கா எவனாச்சும் சாட்டையத் தூக்கட்டும், இன்னொருக்கா வரும்!"

அத்தை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சேலையை விலக்கி முதுகைக் காட்டினாள். வரிவரியாகக் கன்றிப்போயிருந்தது.

"அடுத்தவாட்டி வாரப்ப, ஒம் மாமன் எம்மேல கைவைக்கக் கூடாதுன்னும் ஒரு வாக்கு சொல்லுடி."

"அடுத்தவாட்டி எதுக்கு அத்தை? இன்னைக்கே..."

"ஏண்டி, எங்கடி போய்த் தொலைஞ்ச?" மாமாவின் சத்தம் கேட்டது. பதறித் திரும்பிய அத்தையை உட்கார வைத்துவிட்டு, முடிந்த கொண்டையை அவிழ்த்துக்கொண்டே நான் வாசலுக்கு ஓடினேன்.