ஒருவேளைப் பட்டினி

வேலாயுதத்தைக் கொன்ற வைரஸ்தான் அவர் ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களைச் சாகவிடாமல் வைத்திருந்தது. அவர் போய் மூன்று வருடமாகியும், ஆய்வகத்துக் குடுவையில் அவை பெருகிக்கொண்டே இருந்தன. கூடவே ஆராய்ச்சிக்கு வேண்டிய வைரஸும் வளர்ந்தது. இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி அவற்றுக்குத் தீனி போடுவது நாச்சியாரின் வேலை. தீனி தீர்ந்தால் குடுவை மஞ்சளாகிவிடும்.

இன்று மஞ்சளாகியிருந்தது. புதுப் புட்டியைக் கையில் எடுத்தபோது வேலாயுதத்தின் மனைவி செண்பகம் வாசலில் வந்து நின்றாள். அந்த ரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்தவள் அவள்தான்.

"இன்னைக்கு அவருக்குத் தெவசம். எலை போட்டு, தொண்ட கிழியக் கூப்பிட்டாச்சு. ஒரு காக்காகூடத் தொடல. போன வருசமும் இப்படித்தான்."

"அதுக்கு நான் என்னக்கா செய்யறது?"

"இங்க வயிறு நெறஞ்சா அங்க எப்படி வருவாரு? இன்னைக்கு ஒரு வேளை மட்டும் போடாம இரும்மா."

அது அவரில்லை, வெறும் அணுக்கள் என்று சொல்ல நாச்சியார் வாயெடுத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத அந்த முகத்தைப் பார்த்ததும், புட்டியைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

செண்பகம் போனபின் மஞ்சள் இன்னும் முற்றியது. இதற்குமேல் தாமதித்தால் அணுக்கள் சாகத் தொடங்கும். நாச்சியார் ஜன்னலுக்கும் குடுவைக்குமாக நடந்தாள். வெயில் சாயும்போது போன் வந்தது.

"வந்து எடுத்துருச்சும்மா. இனி போடு."

நாச்சியார் முதலில் குடுவைக்கு ஊற்றினாள். பிறகுதான், மதியத்திலிருந்து திறக்காமல் கிடந்த தன் டிபன் டப்பாவை எடுத்தாள்.