பூஜ்யம் டோஸ் தட்டு

காலை பதினொரு மணிக்கு, லேபில் எல்லோருக்கும் மூத்தவரான அக்கா, செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து, மூலையில் இருந்த குப்பியைப் பார்த்து மெல்லப் பேசினார்.

"சாப்பாடு மாத்தியாச்சு. நல்லா இருக்கான்."

பின்னால் நின்ற புதுசு அதைக் கேட்டாள். லேபில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியும் அவளுக்கு அதுதான் பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கதிர்வீச்சு மிஷினுக்குப் போகும் டிரேயில் குப்பிகளை அடுக்குவது முதல் நாளிலிருந்தே அவள் பொறுப்பு.

மூலைக் குப்பியில் இருந்தவை ஓர் இளைஞனின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்; சாப்பாடு என்றது அவை வளரும் ஊட்ட நீரை. ஆள் இறந்து நான்கு வருடம். அந்தக் குப்பியை மட்டும் அக்கா யாரையும் தொட விடுவதில்லை.

புதுசு நேராகத் தலைமை டாக்டரிடம் போனாள். அக்கா செல்லோடு குடும்பம் நடத்துகிறார், லேபில் இதெல்லாம் கூடாது என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அப்படியானால் எவ்வளவு கதிர்வீச்சில் சாகிறது என்று மற்றவற்றைப் போல அந்தக் குப்பியையும் நீயே சோதித்துவிடு என்றார்.

அக்கா லீவு போட்ட அன்று, புதுசு குப்பியிலிருந்து கொஞ்சம் செல்களை ஆறு தட்டுகளில் பிரித்துப் போட்டாள். மைக்ராஸ்கோப்பில் அவை வழக்கத்தைவிடப் பெரிதாக, பரந்து கிடந்தன. ஐந்து தட்டுகளுக்கு ஒன்றைவிட ஒன்று அதிகமாகக் கதிர்வீச்சு. ஆறாவதற்குக் கிடையாது. அது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பூஜ்யம் டோஸ் தட்டு. அதில் செல்கள் இஷ்டத்துக்குப் பெருகிக் கூட்டம் கூட்டமாக நிற்க வேண்டும்.

மறுநாள் வந்த அக்கா தட்டுகளைப் பார்த்தார். பதினொரு மணிக்கு வழக்கம்போல, "நல்லா இருக்கான்" என்றார்.

பதினான்காம் நாள் காலை புதுசு ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினாள். பெருகிய கூட்டம் ஒவ்வொன்றும் ஊதாப் புள்ளியாகத் தெரிய வேண்டும். ஐந்து தட்டிலும் ஒரு புள்ளி இல்லை.

ஆறாவதிலும் இல்லை.

கதிரே படாதது எப்படிச் செத்தது? தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள்.

"அது இப்ப சாகல," என்றது பின்னாலிருந்து அக்காவின் குரல். "நீ சேர்ந்த முதல் வாரமே செத்துப்போச்சு. மிஷினுக்குப் போற டிரேயில தெரியாம இந்தக் குப்பியையும் சேர்த்து அடுக்கிட்டே."

"ஆனா குப்பியில உயிரோடதானே..."

"கதிர் பட்டா உடனே அழியாதும்மா. பாக்க உயிரோடதான் கிடக்கும். ஆனா பெருகாது. நம்ம கணக்குல அது சாவுதான்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவனோடதுன்னு மிச்சம் இருந்தது அந்த ஒண்ணுதான். சார்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்."

புதுசு திரும்பினாள். "தெரிஞ்சுமா தினமும் அதுகிட்ட பேசினீங்க?"

அக்கா தலையுறையைக் கழற்றினார். காதில் சின்னதாக ஓர் இயர்போன்.

"அதுகிட்ட இல்ல. அவன் அம்மாகிட்ட. செல்லை எடுத்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட நாள்லேருந்து தினமும் கூப்பிடுறாங்க."

பதினொரு மணி. அக்காவின் பையில் போன் அதிர்ந்தது. அவர் இயர்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். புதுசு அதைக் காதில் வைத்தாள்.

"எம் புள்ள எப்படிம்மா இருக்கான்?"

புதுசு கையிலிருந்த ஆறாவது தட்டைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கான்மா," என்றாள். "இப்பதான் சாப்பாடு மாத்தினேன்."